சப்பர மரத்தில் நான் அடைத்த வெடிப்பு

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
நவம்பர் 14

அன்பு மகன் ஜெரோமுக்கு அப்பா செபஸ்தியான் எழுதுவது. அப்பு, நீ அங்கே குவைத்தில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேலையில் எந்தச் சள்ளையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உன் அம்மா கேட்கிறாள். நான் கேட்பதில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கு இப்போது இல்லை, ஏன் என்று கீழே எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் பேனா வரமாட்டேன் என்கிறது. மழை இந்த வருஷம் நன்றாகப் பிடித்துக்கொண்டது, பட்டறைக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, அம்மா வாளி வைத்திருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் மத்தியானத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அச்சு வெல்லத்தைக் கிள்ளி வாயில் போடுவது மட்டும் நிற்கவில்லை, நீ போனில் அதட்டினால் கேட்பாள், நான் சொன்னால் ஒங்க சோலியப் பாருங்க என்கிறாள். உன் தங்கச்சி ஐரினுக்கு எரியோட்டுப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டது, இனி இரண்டு பஸ் மாற வேண்டியதில்லை. இதெல்லாம் நீ போனிலேயே கேட்டிருப்பாய். போனில் சொல்ல முடியாத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டாயிற்று, இது மூன்றாவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் ரூமில் அலமாரிக் கதவு வெடித்துவிட்டது, ரெசினும் மரத்தூளும் வைத்து அடைக்கலாமா, எப்படி என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். என்னப்பா கோபமா என்று பிறகு மெசேஜ் போட்டிருந்தாய். கோபம் இல்லை அப்பு, அந்த இரண்டு சாமானின் பெயரைக் கேட்டாலே என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. ஆனாலும் பிள்ளை கேட்டதற்குச் சொல்லாமல் விடக்கூடாது, அதனால் சொல்கிறேன். முதலில் வெடிப்புக்குள் இருக்கிற தூசி, பிசிறு எல்லாவற்றையும் கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிடு. அப்புறம் ஸ்குரூ டிரைவர் முனையால் வெடிப்பின் ஓரத்தைக் குத்திப் பார், கெட்டியாக இருந்தால் மேற்கொண்டு செய், பொதபொதவென்று உள்ளே இறங்கினால் அதைத் தொடாதே, அந்தப் பலகையை மாற்றிவிடு. தூள் அதே மரத்துத் தூளாக இருக்க வேண்டும், வாளால் அறுத்த தூள் ஆகாது, உப்புத்தாள் தேய்க்கும்போது விழுகிற மாவு மாதிரித் தூளைப் பழைய வேட்டித் துணியில் சலித்துக்கொள். ரெசின் பசையையும் அதை இறுக வைக்கிற ஹார்டனரையும் டப்பாவில் போட்டிருக்கிற அளவுப்படி, தனித்தனிக் கோடாகத் தெரியாமல் கலக்கு. முதல் தடவை தூள் சேர்க்காமல் வெறும் ரெசினை உள்ளே தடவு, மரம் அதைக் குடிக்கட்டும். மிச்சத்தில் தூளைப் போட்டு ஒரு தகட்டில் வைத்துப் பிசைந்து, தகட்டைச் சாய்த்தால் விழாத பதத்தில் அழுத்தி அழுத்தி உள்ளே திணி, மேலே கொஞ்சம் மேடாகவே விடு. ஒரு நாள் முழுக்கக் கை வைக்காதே. காய்ந்ததும் நார் போகிற பக்கமாகவே தேய். மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாகத் தெரியும், பரவாயில்லை. அலமாரிக் கதவு எந்தச் சுமையும் தாங்கப் போவதில்லை, அதற்கு இது தாராளம்.

சுமை தாங்குகிற மரத்தில் நான் இதைச் செய்தேன். நம் கோயில் சப்பரத்தின் வலது பக்கத்துத் தூக்கு மரத்தில் செய்தேன். உன் தாத்தா கொடுத்த பதினாறடி வேங்கை மரம், அடிப்பக்கம் சவரிமுத்து என்று அவர் பெயர் செதுக்கியிருப்பது உனக்குத் தெரியும். மரம் கொடுத்த வீட்டுக்கு முன் வலது தோள் என்பது நம் பங்குக் கோயிலில் வழக்கம், அப்படித்தான் முதலில் தாத்தா, பிறகு நான், பிறகு நீ. நீ போன நாலு வருஷமாக என் மூட்டு ஒத்துழைக்காததால் உனக்குப் பதிலாக உன் அத்தை மகன் பிராங்கிளின் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தான், ஜெரோம் வர்ற வரைக்கும்தான் மாமா, வந்ததும் அவன் எடத்த அவன்ட்ட குடுத்துருவேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வான். ஆகஸ்டில் கமிட்டி கூடினபோது தலைவர் பாக்கியராஜ், மரம் பழசாகிவிட்டது, இந்த வருஷம் நம் காவல் தூதர் மிக்கேல் சம்மனசை டிராக்டர் டிராலியில் வைத்துக் கொண்டுபோகலாம், தோளே வேண்டாம் என்றார். ஆளுக்கு ஒன்று பேசினார்கள். கடைசியில், செபஸ்தியாண்ணே தச்சு வேல பாக்குறவரு, அவரு பாத்து நல்லா இருக்குன்னு சொன்னா தூக்குவோம், இல்லன்னா டிராலிதான் என்று என் கையில் விட்டுவிட்டார். சப்பரத்தைத் தாங்குகிற போல்ட் ஏறும் ஓட்டையிலிருந்து ஒன்றரைச் சாண் நீளத்துக்கு வெடிப்பு விட்டிருந்தது. கோயில் குடோனில் மழைத் தண்ணீர் இறங்கி இறங்கி உள்ளே உளுத்துப்போய், ஸ்குரூ டிரைவர் பிடி வரைக்கும் இறங்கியது. உளியால் தோண்டினேன், இரண்டு கை நிறைய மக்கிப்போன மரம் வந்தது. இது தேறாது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும், முப்பத்தைந்து வருஷம் மரத்தோடு கிடக்கிறவனுக்கு இது தெரியாதா. ஆனால் தேறாது என்று சொன்னால் டிராலி வந்துவிடும், ஒரு தடவை வந்தால் பிறகு போகாது, தாத்தா பெயரும் போச்சு, நீ திரும்பி வரும்போது உனக்கென்று கோயிலில் ஓர் இடம் இருக்காது. இதை நினைத்துக்கொண்டு வேங்கைத் துண்டு ஒன்றைத் தேய்த்துத் தூள் எடுத்து, ரெசின் கலந்து, அந்தக் குழியை அடைத்தேன். ரெசின் நல்ல சாமான்தான், நான் அதைப் பிடிக்கச் சொன்னதுதான் செத்த மரம். காய்ந்து, தேய்த்து, பாலிஷ் போட்டதும் எனக்கே இடம் தெரியவில்லை. அந்தத் திமிரில்தான் உனக்கு வீடியோ போட்டு, வெடிப்பு எங்க இருக்கு கண்டுபிடி பாப்போம் என்று விளையாடினேன், நீயும் தெரியலப்பா, சூப்பர் என்றாய். தோண்டின குழியை உனக்குக் காட்டவில்லை. கமிட்டியிடம் சின்ன வெடிப்புதான், சரி பண்ணியாச்சு என்றேன். அவர்கள் வந்து தடவிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை.

திருவிழாவுக்கு மறுநாள் பகல் சப்பரத்தில் என்ன நடந்தது என்று நீ கேள்விப்பட்டது, பிராங்கிளின் குடித்துவிட்டு வந்து கால் இடறினான், சப்பரம் ஒரு பக்கம் சாய்ந்தது, அந்தப் பாரத்தில் மரம் முறிந்தது, அப்படித்தானே. ஊரே அப்படித்தான் சொல்கிறது. நான் அவனுக்கு மூன்றடி பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன் அப்பு. தண்ணீர்த் தொட்டி முனையில் திரும்பும்போது முதலில் மரம் சத்தம் கொடுத்தது. மேளச் சத்தத்தில் வேறு யார் காதிலும் விழவில்லை, என் காதில் விழுந்தது. அதன் பிறகுதான் அவன் கால் மடங்கியது. மரம் போனதால் அவன் விழுந்தான், அவன் விழுந்ததால் மரம் போகவில்லை. பீடத்தின் விளிம்பு அவன் இடுப்பில் இறங்கியது, சம்மனசின் ஒரு இறக்கை உடைந்து ரோட்டில் கிடந்தது, ஜனங்கள் அவனை விட்டுவிட்டு இறக்கையைப் பொறுக்கினார்கள். தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தவர்களில் யாரோ வாடை வருது என்றார்கள். மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்ட வீட்டில் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள், திருவிழா நாளில் எந்த வீட்டில் கொடுக்கவில்லை, சப்பரம் தூக்கின பாதிப் பேர் வாயிலும் அந்த வாடை இருந்தது. ஆனால் விழுந்தவன் வாய் மட்டும்தான் எல்லோருக்கும் மணத்தது.

மறுவாரம் கமிட்டி முறிந்த மரத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லி என்னைத்தான் குடோனுக்குக் கூட்டிப்போனது. பாக்கியராஜ் வாசலில் போன் பேசிக்கொண்டு நின்றார், நான் மட்டும் உள்ளே போனேன். நான் அடைத்தது அடைத்தபடியே, ஒரு விரிசல்கூட இல்லாமல், முழுக் கட்டியாகக் கையோடு வந்தது. சுற்றியிருந்த மரம்தான் தூள் தூளாகக் கொட்டியது. அந்தக் கட்டியை எடுத்து வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு வெளியே வந்து, பாரம் ஒரே பக்கமா சாஞ்சதுல முறிஞ்சிருக்கு என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன் ஜெரோம். இனிமேல் பிராங்கிளின் கோயில் காரியம் எதிலும் கை வைக்கக்கூடாது என்று அன்றைக்கே எழுதிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் என் கூடப் பிறந்த தங்கச்சி, உன் அத்தை, பெற்ற பிள்ளையைப் பார்த்து, சம்மனசக் கீழ போட்ட பாவி, நீ அங்கயே செத்திருக்கலாம்லடா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனவள் அதற்குப் பிறகு அவன் முகத்தில் விழிக்கவில்லை. அப்போதும் நான் கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவன் அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, மன்னிச்சிருங்க மாமா, தாத்தா மரத்த நான் ஒடச்சுட்டேன், ஜெரோம்ட்ட நான் என்ன சொல்லுவேன் என்றான். நான் அவன் தலையில் கை வைத்து, விடுப்பா, போகட்டும் என்றேன். நான் அவனை மன்னித்தேன் அப்பு, நான் அவனை. அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருக்கிறது. ஆறு வாரமாக நான் பூசையில் எழுந்துபோய் நன்மை அப்பம் வாங்கவில்லை, வயிறு சரியில்லை, டீ குடித்துவிட்டேன் என்று அம்மாவிடம் ஏதாவது சொல்லிப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். பட்டறையில் உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை, ஜன்னல் சட்டம் கேட்டவர்களை எல்லாம் வேறு ஆளிடம் அனுப்பிவிட்டேன். காலையில் கண் விழிக்கிறபோது ஒரு நிமிஷம் ஒன்றும் ஞாபகம் இருக்காது, அடுத்த நிமிஷம் அந்தச் சத்தம் வந்துவிடும், அதோடு அன்றைய நாள் முடிந்தது.

அவனுக்கு இடுப்பில் பிளேட் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது பாதம் தூக்க வரவில்லை, நரம்பு நசுங்கிவிட்டது, இனி வராது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பிரேக் மிதிக்கிற கால், நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றின வேனை அவன் இனிமேல் ஓட்டப்போவதில்லை. போன திங்கட்கிழமை பார்க்கப் போனேன். அக்குளில் வைத்து ஊன்றிக்கொண்டு நடக்க இரண்டு கட்டை வேண்டும் என்று அவன் மனைவி ரீனா சொன்னாள். கடைகளில் அலுமினியத்தில் விற்கிறார்களே என்றேன். அதற்கு அவன், வேணாம் மாமா, நீங்க செஞ்சு குடுங்க, ஒங்க கை வேலன்னா நான் பயமில்லாம ஊனலாம் என்றான். அதோடு விடவில்லை, கட்டை ஊன்றி நடக்க ஆரம்பித்ததும், காலு எம்புட்டு வலிச்சாலும் சரி, தண்ணித் தொட்டி முனையில இருந்து கோயில் வாசல் வரைக்கும் முட்டி போட்டு வாரேன்னு சம்மனசுக்கு நேந்திருக்கேன், என்னால விழுந்தாருல்ல என்றான். நான் டேப் எடுத்து அவன் அக்குளிலிருந்து பாதம் வரைக்கும் அளந்து காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்தேன். பட்டறையில் நல்ல கட்டையாகப் பார்த்து எடுத்து வைத்து, பென்சிலைக் காதில் சொருகி, மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஒரு கோடு போட முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த ரெசின் கட்டியை எடுத்துக்கொண்டு போய் அவன் கையில் வைத்துச் சொன்னேன், ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்ப நான் இடறலையா மாமா என்று கேட்டான். இல்லப்பா என்றேன். நான் குடிச்சதுனால இல்லையா என்றான். இல்லை என்றேன். திரும்பவும் அதையே கேட்டான், மூன்றாம் தடவை கேட்கும்போது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, பள்ளிக்கூடத்தில் பாஸ் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்களே அந்த மாதிரி, ரீனாவைக் கூப்பிட்டு, ஏய் நான் இடறலையாம்டி, மரந்தான் போயிருச்சாம் என்றான். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் அவன் யோசித்தான். இது ஒங்களுக்கு எப்ப இருந்து தெரியும் மாமா என்று கேட்டான். அன்னைக்கே தெரியும் என்றேன். அம்மா ஆஸ்பத்திரியில என்னயப் பேசுனப்பயுமா என்றான். ஆமாப்பா என்றேன். அவனால் திரும்பிப் படுக்க முடியாது, அதனால் முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். எங்கம்மாட்டப் போயிச் சொல்லிருங்க என்றான். எனக்குப் போட்டு வைத்திருந்த டீயை ரீனா எடுத்துக்கொண்டு போய் வாசலில் ஊற்றினாள்.

அங்கிருந்து நேராக உன் அத்தை வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள், செருப்பால் அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். மடியில் இருந்த கீரையை அப்படியே தரையில் தள்ளிவிட்டு எழுந்து, கதவைக்கூடச் சாத்தாமல், செருப்புப் போடாமல், அவன் வீட்டுப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள். திறந்து கிடந்த வீட்டை விட்டு வர மனசில்லாமல் பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே இருந்தேன், அடுப்பை அணைத்தேன், கீரையைப் பொறுக்கி முறத்தில் வைத்தேன். அவள் வரவில்லை, நான்தான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, நீங்க நன்மை வாங்காம ஒக்காந்தப்பயே எனக்கு என்னமோன்னு இருந்துச்சு, கேட்டா எதச் சொல்லுவீகளோன்னு பயந்து கேக்காம இருந்துட்டேன், அது என் தப்பு என்று சொல்லி அழுதாள். அவளுக்கு இதில் என்ன தப்பு இருக்கிறது, ஆனால் என்னால் அவளும் ஒரு பங்கைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலில் எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன், ஃபாதரிடம் கேட்டாயிற்று, சரி என்றார். தாத்தா பெயர் அன்றோடு போகும், உன் இடமும் போகும். வெளிநாட்டில் இருந்துகொண்டு உனக்கு இப்படி ஒரு தலைகுனிவு. என்ன சொல்லி என்ன, அவன் கால் வராது அப்பு. இதை எத்தனை பேர் முன்னால் சொன்னாலும் அது வராது. பொய்யைச் சொன்னபோது இருந்த கனம் உண்மையைச் சொன்ன பிறகு இறங்கும் என்று நினைத்தேன், இறங்கவில்லை. உனக்காகத்தான் செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதைப் படித்துவிட்டு உன்மேல் நீயே பழியைப் போட்டுக்கொள்ளாதே, நீ என்னிடம் இடம் கேட்கவில்லை, நானாகத்தான் பிடித்து வைத்தேன். யாராவது போன் செய்து என்னைப் பற்றிப் பேசினால் எனக்காக ஒரு வார்த்தை பேசாதே. ஐரினுக்கு நானே நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

மிக்கேல் சம்மனசு உன்னை எந்த ஆபத்தும் அண்டாமல் காக்கட்டும். அவரைக் கீழே போட்டவன் அவர் பெயரைச் சொல்லி ஆசீர்வாதம் கொடுக்கலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் அப்பன் வாயில் மகனுக்கு வேறு என்ன வரும். உயரத்தில் ஏசி மாட்டுகிற வேலை, பெல்ட் போடாமல் ஏறாதே.

இதைப் படித்து முடித்ததும் பிராங்கிளினுக்குப் போன் போடு. நீ இருபது வருஷம் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு திரிந்தவன், அவன் கெட்டபோது ஊர் சொன்னதை நம்பி நீயும் ஒரு மாதமாக அவனிடம் பேசாமல் இருக்கிறாய், அதுவும் என் பொய்யால்தான். எடுக்கமாட்டான், மறுபடியும் போடு. என்னை மன்னிக்கச் சொல்லி மட்டும் அவனிடம் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
ச. செபஸ்தியான்